ரெஃபரன்ஸ் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்ட எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பகுதிகளில் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும் கோவை, பெங்களூரு நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கும்போது, ரெஃபரன்ஸ் என்று, அவர்களைப் பற்றி விசாரிப்பதற்காக, இருவரின் பெயரும் கைபேசி எண்ணும் கேட்கப்படுகின்றன. உறவினராக இருக்கக் கூடாது என்பதால் பலரும் பழைய ஆசிரியரின் பெயரை எழுதிவிடுகிறார்கள். அதில் ஆசிரியர்களான எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுதுவது அந்தப் பிள்ளைகளுக்கே கேடாக முடிகிறது என்பதை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

என்னுடன் பணியாற்றிய கணித ஆசிரியை ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவர் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தபோது, பெங்களூரிலிருந்து அழைத்த ஒருவர் ஓர் இளைஞனின் பெயரை ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லி, எத்தனை ஆண்டுகளாகத் தெரியும், நேரம் தவறாதவரா, பொறுப்பானவரா என்று அடுக்கிக் கேட்டிருக்கிறார். "அப்படி யாரையும் எனக்குத் தெரியாது" என்று ஆசிரியை சொல்லிவிட்டார். தெரியாமல் என்ன? பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் மாலைதோறும் நோட்டுப் புத்தகத்துடன் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்த பையன்தான் அவன். வகுப்பிலும் ஊரிலும் எல்லோரும் அவனை வீட்டுப் பெயரால் அழைத்தார்கள். சான்றிதழிலோ இன்னொரு பெயர், அதன் பின்னால் விரித்து எழுதப்பட்ட தந்தை பெயர். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. காரணம் இதுதானா என்று நிறுவனம் சொல்லவில்லை என்றாலும், ஆசிரியை இன்றும் வருந்துகிறார்.

அழைப்பை எடுத்ததே பெரிது என்றுதான் சொல்ல வேண்டும். போலீஸ் என்று சொல்லி கைபேசியில் மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடி பற்றி 2024 அக்டோபரில் பிரதமரே தமது வானொலி உரையில் எச்சரித்த பிறகு, ஓய்வுபெற்றவர்கள் பலர் அறியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதே இல்லை. எடுத்தாலும் இன்னொருவரைப் பற்றிய கேள்வி வந்தவுடன் துண்டித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சாருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சம்தான் பிள்ளைகளைத் தடுக்கிறது. குறிப்பாக, வீட்டில் முதல் தலைமுறையாகப் படித்தவர்களுக்கு இப்படிக் கேட்பதே கையேந்துவதுபோலத் தோன்றுகிறது. அப்படி நினைக்கவே வேண்டாம். எந்த நிறுவனம், என்ன வேலை, எந்த ஆண்டு எங்களிடம் படித்தீர்கள், சான்றிதழில் உள்ள பெயர் என்ன, எந்த வாரத்தில் எந்த மொழியில் அழைப்பு வரக்கூடும் என்பவற்றைச் சொல்லி, உங்கள் விண்ணப்பத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். எங்களுள் பலருக்கு ஆங்கிலத்தில் சட்டென்று பேச வராது. மின்னஞ்சலில் கேட்டால் நிதானமாக எழுதித் தருவோம் என்பதை நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவிக்கலாம். "என்னைப் பற்றி மனநிறைவோடு சொல்ல முடியுமா, சார்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால், முடியாதவர் விலகிக்கொள்ளவும் வழி இருக்கும். கேட்கப்பட்டவரும் நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றால் அன்றே மறுத்துவிட வேண்டும். தலையாட்டிவிட்டு அழைப்பு வரும்போது மென்று விழுங்குவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

இன்னொன்று. கௌரவத்துக்காக வார்டு மெம்பரின் பெயரையோ கட்சிக்காரரின் பெயரையோ எழுதும் வழக்கம் இங்கே உண்டு. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கேட்கும் இருவர், நீங்கள் இந்த ஊர்க்காரர் என்று அறிந்தவர்களாக இருந்தால் போதும். வேலைக்குக் கேட்பது வேறு. உங்கள் உழைப்பை அருகிலிருந்து பார்த்தவர்தான் அங்கே வேண்டும். இரண்டு ஆண்டு மில்லில் வேலை பார்த்தவருக்கு, பள்ளி ஆசிரியரான என்னைவிட அந்த ஷிப்டின் சூப்பர்வைசர் சொல்லும் நான்கு வாக்கியங்களே மதிப்புள்ளவை.

எல்லைப் பகுதிப் பதிப்பில் வேலைவாய்ப்புச் செய்திகள் வெளியிடும்போது, விண்ணப்பிக்கும் முறையுடன் இதையும் ஒரு பத்தியாகச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இறுதியாண்டு மாணவர்களுக்கு இதைச் சொல்லித் தருமாறு சித்தூர் அரசுக் கல்லூரி ஆசிரியர்களையும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.