“உடம்பில் இரும்பு இருக்கிறதா?” என்று கேட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் என் மனைவிக்கு இடுப்புவலி கால்வரை இறங்கியதால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் மையத்தில் ஆங்கிலப் படிவம் ஒன்றை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். “உடம்பில் இரும்பு ஏதாவது இருக்கிறதா அம்மா?” என்று கேட்டார் வரவேற்பில் இருந்த பெண். “அதெல்லாம் ஒன்றும் இல்லை” என்றாள் என் மனைவி. நான் பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன்.

அவள் பொய் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் இடது காறையெலும்புக்குக் கீழே வைத்த, இதயத் துடிப்பைத் தூண்டும் கருவியான பேஸ்மேக்கரை எங்கள் வீட்டில் எல்லோரும் ‘பேட்டரி’ என்றுதான் சொல்கிறோம். அதை இரும்பு என்று யார் நினைப்பார்கள்?

உடை மாற்ற உதவிய ஆயா, தோலுக்கடியில் தீப்பெட்டி போலப் புடைத்திருந்ததைப் பார்த்து “இது என்னம்மா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் என் மனைவி தப்பினாள். அந்த அம்மாளுக்கு நான் கை கூப்பியே நன்றி சொன்னேன்.

எம்.ஆர்.ஐ. காந்தம் ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தமாகவே இருக்கிறது. அதன் வலிமை 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு) என்றால், அது பூமியின் காந்தப்புலத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு. 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளியுடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துச் சென்ற உறவினரே, காந்தம் அதை இழுத்ததில் உயிரிழந்தார். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஆபத்து இழுவிசை மட்டுமன்று. ஸ்கேனின் ரேடியோ அலைகளால் இதயத்துக்குள் செல்லும் கம்பியின் முனை சூடாகலாம், துடிப்பைத் தூண்டும் வேலையும் குழம்பலாம்.

இதைப் படித்து யாரும் ஸ்கேனே வேண்டாம் என்று ஒதுங்க வேண்டாம். இதய ஸ்டென்ட், டைட்டானியத் தகடு போன்றவை வைத்த பெரும்பாலோர் விவரம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். என் மனைவிக்கும் நான்கு நாள் கழித்து வேறோர் இடத்தில் எடுத்தார்கள். பீரோவில் ரேஷன் கார்டு உறைக்குள் கிடந்த பேஸ்மேக்கர் அட்டையைக் கேட்டு வாங்கி, கருவியின் எண்ணையும் கம்பிகளின் எண்ணையும் தனித்தனியே சரிபார்த்தார்கள். இரண்டும் சேர்ந்து ஏற்றதாக இருந்தால்தான் ஸ்கேன். முதலில் கருவியின் அமைப்பை மாற்றி, இ.சி.ஜி. பார்த்தபடியே எடுத்து, முடிந்ததும் பழையபடி திருப்பி வைத்தார்கள்.

ஸ்கேன் மையங்களில் படிவம் தமிழில் இருக்க வேண்டும், அதுவும் மக்கள் பேசும் சொற்களில். நெஞ்சில் பேட்டரி வைத்திருக்கிறதா, தலைக்குள் கிளிப் போட்டார்களா, காது கேட்கக் கருவி பொருத்தினார்களா, பட்டறையிலோ வெல்டிங்கிலோ கண்ணில் இரும்புத்தூள் தெறித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எந்தெந்த ஆபரேஷன் நடந்தது, தழும்பு எங்கே என்று கேட்டிருந்தாலே என் மனைவி சொல்லியிருப்பாள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எத்தனையோ குழந்தைகளுக்குக் காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். அதற்குள்ளும் காந்தம் உண்டு. அந்தப் பிள்ளைகள் நாளை தனியாக ஸ்கேனுக்குப் போவார்கள்.

கருவி பொருத்தும் மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அட்டையை ஃபைலுக்குள் செருகிக் கொடுத்துவிடாமல், இது எதற்கு, எங்கே போனாலும் ஏன் காட்ட வேண்டும் என்று நோயாளியிடமே தமிழில் சொல்லி அனுப்புங்கள். எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்