தமிழுக்கான மென்பொருளும் அதன் உரிமமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியிலும் கடலூரிலும் உள்ள கல்லூரிகளில் கணினி மாணவர்கள் செய்யும் இறுதியாண்டுத் திட்டப்பணிகளில் தமிழுக்கான லைப்ரரிகளும் (பிற மென்பொருள்கள் தம்முள் சேர்த்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) இடம்பெறுகின்றன. அவை எந்த உரிமத்தின் கீழ் வெளிவர வேண்டும் என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் இன்னும் கவனமாக முடிவுசெய்ய வேண்டும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் நான் பார்த்த ஒரு மாணவர் குழுவின் சொற்பகுப்பி நிரல், 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்ற சொல்லைக் கொடுத்தால் 'வா' என்னும் வேரையும், அதன்மேல் ஏறியிருக்கும் துணைவினை, காலம், பன்மை, வேற்றுமை உருபு ஆகியவற்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. எழுத்துப்பிழை திருத்திக்கும் தேடுபொறிக்கும் அடிப்படையான, மிகுந்த உழைப்பைக் கேட்கும் வேலை இது. ஆனால் நிரல்களைப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் அதை ஏற்றியபோது உரிமத்துக்கான இடத்தில் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிட்டார்கள். உரிமம் எழுதாத நிரல் எல்லோருக்கும் பொது என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் அதற்கு நேர்மாறானது. பதிப்புரிமை முழுவதும் எழுதியவரிடமே நிற்பதால், இன்னொருவர் அதைத் தம் மென்பொருளில் சேர்த்து வெளியிட முடியாது.

உரிமம் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் எம்ஐடி உரிமத்தைத் தேர்கிறார்கள். அது சுருக்கமானது, எழுதியவர் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காத வரையில் எவரும் எதற்கும் பயன்படுத்தலாம், திருத்திய நிரலைப் பிறருக்குக் காட்டாமல் மூடியும் வைத்துக்கொள்ளலாம். ஜிபிஎல் அப்படியன்று. அவ்வுரிமத்தில் உள்ள லைப்ரரியைச் சேர்த்து ஒரு மென்பொருளைப் பிறருக்கு வழங்குவோர், அம்மென்பொருள் முழுவதன் மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது எல்ஜிபிஎல்: லைப்ரரியில் செய்த திருத்தங்களை வெளியிட்டாக வேண்டும், அதை அழைத்துப் பயன்படுத்தும் மென்பொருள் மூடியே இருக்கலாம்.

எதைத் தேர்வது என்பதற்கு, அதே வேலையைச் செய்யும் வேறு லைப்ரரி கிடைக்கிறதா என்று பார்ப்பதே சரியான வழி என நான் கருதுகிறேன். கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் குனு திட்டத்தின் சி மொழி லைப்ரரி எல்ஜிபிஎல் உரிமத்தில் வந்ததற்குக் காரணம், அவ்வேலையைச் செய்யும் பிற லைப்ரரிகள் ஏராளமாக இருந்ததுதான். கடுமை காட்டினால் பயனர்கள் அவற்றுக்குப் போய்விடுவார்கள். கட்டளை வரியில் தட்டச்சு செய்வதைத் திருத்த உதவும் ரீட்லைன் லைப்ரரியோ ஜிபிஎல் உரிமத்தில் வந்தது. அதைப் பயன்படுத்திய சிலிஸ்ப் என்னும் மென்பொருள், அந்த உரிமத்தின் காரணமாகவே 1992இல் தானும் ஜிபிஎல்லுக்கு மாறியது. தமிழ் எழுத்துகளைத் திரையில் ஒழுங்காகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் லைப்ரரி எம்ஐடி போன்ற தளர்வான உரிமத்தில் இருப்பது நமக்கு நன்மையே. ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆஃபிஸ் எல்லாம் அதையே பயன்படுத்துவதால் அவற்றில் தமிழ் ஒரே சீராகத் தெரிகிறது. எங்கும் பரவுவதே பயனாக இருக்கும் இடத்தில் தளர்வுதான் பொருத்தம்.

சொற்பகுப்பி போன்றவை அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. தமிழில் அவை அரிதானவை; பொதுப்பணத்தில் இயங்கும் கல்லூரிகளில் உருவாகும்போது அவற்றின் திருத்தங்களும் பொதுவுக்கே திரும்பி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். கட்டுப்பாடு வைத்தால் யாரும் தொடமாட்டார்கள் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. எழுத்தைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் பேச்சாக்கும் ஈஸ்பீக் என்ஜி மென்பொருள் ஜிபிஎல் உரிமத்தில்தான் இருக்கிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பானுடன் அது சேர்ந்தே வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இன்று மொழிக்கருவிகள் பெரும்பாலும் நிறுவனங்களின் சர்வர்களில் ஓடுகின்றன. பயனருக்கு விடை மட்டுமே வருகிறது, மென்பொருள் வருவதில்லை. மென்பொருளை வழங்கும்போதுதான் ஜிபிஎல் நிபந்தனை பொருந்தும் என்பதால், இத்தகைய பயன்பாட்டை அது தொடுவதே இல்லை. இந்த இடைவெளியை அடைப்பதற்கே ஏஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு 2007இல் வந்தது. திருத்திய நிரலைச் சர்வரில் ஓட்டிப் பிறருக்குச் சேவை தருவோர், அதன் மூல நிரலையும் அப்பயனர்களுக்குத் தர வேண்டும் என்கிறது அது. சொற்பகுப்பிக்கும் பேச்சை எழுத்தாக்கும் பேச்சறிதலுக்கும் நான் பரிந்துரைப்பது இதையே.

முடிவைத் தள்ளிப்போட்டால் பிறகு மாற்றுவது கடினம். நிரலில் பங்களித்த ஒவ்வொருவரின் பகுதிக்கும் அவரவரே உரிமையாளர். பின்னர் உரிமத்தை மாற்ற வேண்டுமானால் பொதுவாக அனைவரின் ஒப்புதலும் வேண்டும். ஆகவே வழிகாட்டும் பேராசிரியர்கள் திட்டப்பணியின் தொடக்கத்திலேயே மாணவர்களுடன் உட்கார்ந்து உரிமத்தை முடிவுசெய்து, அதை அறிக்கையின் முதல் பக்கங்களில் எழுதச் செய்ய வேண்டுகிறேன். ஏற்கெனவே உரிமமின்றி ஏற்றப்பட்டவற்றுக்கு, மாணவர்கள் படிப்பை முடித்து வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பிரிந்து செல்வதற்கு முன்பே அவர்களது எழுத்துப்பூர்வமான ஒப்புதலைத் துறைகள் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.