கல்லைப் புரட்டிப் பார், அப்புறம் பெட்டியைத் திற

அன்புள்ள கயல்,

போனில் நீ கேட்டபோது அண்ணன் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். ஜூலைக் கடைசியில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மேடிசன் ஆற்றுக்கு மீன்பிடிக்கப் போகிறாய், ட்ரவுட் மீனுக்கு என்ன ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகும் முடியும் வைத்துப் பூச்சி மாதிரி கட்டியது) வாங்கட்டும் என்று கேட்டாய். கடையில் போய் வாங்கிக் குவிக்காதே. ஒரு பெட்டி நிறையக் கட்டி அனுப்பியிருக்கிறேன், வியாழனுக்குள் வந்து சேரும்.

சால்மன்ஃப்ளை என்ற பெரிய ஸ்டோன்ஃப்ளைப் பூச்சியைப் பார்க்கத்தான் உனக்கு ஆசை. அது ஜூன் கடைசியில் கிளம்பி, ஜூலை முதல் பாதியிலேயே அடங்கிவிடும். நீ போகும்போது கரையோரப் புதரில் அது கழற்றிப்போட்ட தோல்தான் ஒட்டியிருக்கும். ஆனால் அதன் நிம்ஃப், அதாவது சிறகு முளைக்காத இளம் பூச்சி, ஆற்றுக்கடியில் கல்லிடுக்கில் மூன்று நான்கு வருடம் வளர்கிறது. இந்த வருடம் பறந்தவை போக, அடுத்த வருடத்துக்கானவை அங்கேயேதான் ஊர்ந்துகொண்டிருக்கும். அதனால் பெட்டியின் இடது ஓரத்தில் ரப்பர் கால் வைத்த பழுப்பு நிம்ஃப் ஃப்ளை அரை டஜன் வைத்திருக்கிறேன். எல்லாம் 8ஆம் எண் முள். காலையில் தண்ணீர்மேல் ஒரு அசைவும் இல்லாதபோது அதைக் கட்டி, கீழே ஒன்றரை அடி விட்டு ஃபெசன்ட் பறவையின் வால் இறகில் கட்டிய 16ஆம் எண் ஃபெசன்ட் டெயில் ஃப்ளையைத் தொங்கவிடு. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பார்த்துக்கொண்ட ஃப்ராங்க் சாயர் கண்டுபிடித்தது அது. அவர் அதற்கு நூலே போடவில்லை. மெல்லிய செம்புக் கம்பியாலேயே இறகைச் சுற்றினார். கட்டும் நூலும் அதுதான், மூழ்கடிக்கும் எடையும் அதுதான். நானும் அப்படியேதான் கட்டியிருக்கிறேன்.

சாயங்காலத்துக்கு, கேடிஸ் பூச்சி மாதிரி தண்ணீர்மேல் மிதக்கும் எல்க் ஹேர் கேடிஸ், 14இலும் 16இலும். அல் ட்ரோத்தின் ஃப்ளை. அவர் பின்னாளில் மொன்டானாவிலேயே டில்லனில் குடியேறியவர். எல்க் மானின் முடி உள்ளே பொந்தாக இருப்பதால்தான் மிதக்கிறது. ஒரு சிட்டிகை முடியை எடுத்து, நுனிகளைத் தட்டிச் சமமாக்கி, முள்ளின் முதுகில் வைத்து நூலை இறுக்க வேண்டும். முதல் சுற்று தளர்வாக, இரண்டாவது சுற்றில் இழுக்கும்போது முடி விசிறி மாதிரி எழும்பும். எனக்கு இது கைவந்தது வாழைநாரில் மல்லிகை கட்டிய பழக்கத்தால்தான். நார் இறுகவும் வேண்டும், காம்பு அறுபடவும் கூடாது. முப்பது வருடமாகியும் விரல் அதை மறக்கவில்லை.

மத்தியானம் காற்றடித்தால் கரைப் புல்லிலிருந்து வெட்டுக்கிளி தண்ணீரில் விழும். அதற்கு 10ஆம் எண் ஹாப்பர் நான்கு. கரையை ஒட்டி, தொப்பென்று விழும்படி வீசு.

எண் பெரிதானால் முள் சின்னது, அது உனக்குத் தெரியும். டிப்பெட்டுக்கு, அதாவது ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி நரம்புக்கு, அப்பா சொல்லும் கணக்கு: முள்ளின் எண்ணை மூன்றால் வகு, வருவதுதான் நரம்பின் எக்ஸ் எண். 16க்கு 5எக்ஸ், 12க்கு 4எக்ஸ்.

இவ்வளவு கட்டி அனுப்பிவிட்டு இதையும் சொல்கிறேன்: வண்டியை விட்டு இறங்கியதும் பெட்டியைத் திறக்காதே. ஒரு ஆகஸ்ட் மாதம், மேடிசனில் ‘த்ரீ டாலர்’ என்று பெயருள்ள பாலத்துக்குக் கீழே, என்னைச் சுற்றி மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் ஹாப்பர் போட்டேன், கேடிஸ் போட்டேன், ஏழு முறை மாற்றினேன். ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் சுழலில் கையை வைத்து நுரையை அள்ளிக் காட்டினார். உள்ளங்கையில் கறுப்பாகச் சிறகு முளைத்த எறும்புகள், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. நம் ஊரில் மழைக்கு ஈசல் புறப்படுமே, அந்த மாதிரி எங்கிருந்தோ வந்து விழுந்திருந்தன. 18ஆம் எண் எறும்பு ஃப்ளை ஒன்றைக் கட்டினேன், இரண்டாவது வீச்சில் மீன்.

மொன்டானா 1974லேயே இப்படிப்பட்ட ஆறுகளில் பண்ணையில் வளர்த்த ட்ரவுட்டை விடுவதை நிறுத்திவிட்டது. மேடிசன் மீன்கள் அந்த ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவை. அங்கே என்ன மிதக்கிறது என்று அவற்றிடம்தான் கேட்க வேண்டும். ஆழமில்லாத இடத்தில் ஒரு கல்லைப் புரட்டு. இரண்டு வால் இருந்து தடியாக ஊர்ந்தால் ஸ்டோன்ஃப்ளை. வயிற்றோரம் இழையிழையாகச் செவுள் துடித்தால் மேஃப்ளை. மணலை ஒட்டிக் குழாய் மாதிரி கூடு கட்டியிருந்தால் கேடிஸ். முதலில் அளவைப் பொருத்து, பிறகு வடிவம், நிறம் கடைசியில். நிறம் கொஞ்சம் தவறினால் மீன் பொறுத்துக்கொள்ளும், அளவு தவறினால் பொறுக்காது.

பெட்டியில் அப்பாவுடைய தெர்மாமீட்டரும் இருக்கிறது. தண்ணீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் தூண்டிலைச் சுருட்டிவிடு. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த ட்ரவுட்டை எவ்வளவு பக்குவமாக விட்டாலும் பிழைக்காமல் போகலாம். தொடர்ந்து மூன்று நாள் 73ஐத் தொட்டால் மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவுவரை அரசே மீன்பிடிப்பைத் தடை செய்யலாம். நீ அதற்காகக் காத்திருக்காதே. விடியற்காலையில் போ, மத்தியானம் தூங்கு. மீனைக் காயமில்லாமல் விடுவதற்காக, முள் நுனிக்குப் பக்கத்தில் இருக்கும் எதிர்முள்ளை நானே இடுக்கியால் நசுக்கிவிட்டேன்.

அந்த ஆற்றுக் கல் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். கைத்தடி இல்லாமல் இறங்காதே, முழங்காலுக்கு மேல் தண்ணீருக்குப் போகாதே. என் முட்டி மட்டும் நன்றாக இருந்திருந்தால் நானே கூட வந்திருப்பேன்.

புரட்டிய கல்லை எடுத்த மாதிரியே திருப்பி வை. அதற்கு முன்னால், அடியில் என்ன இருந்தது என்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. எத்தனை வால் என்று தெரியும்படி கிட்டத்தில் எடு.

அன்புடன்,
அம்மா