டாக்டர், கம்ப்யூட்டரைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பாம்பன் தெற்குவாடியில் முப்பத்தோரு வருஷமாக மீன் ஏலம் விடுகிறேன். சரக்கைக் கூறு கூறாகக் கொட்டியதும் வியாபாரிகள் சுற்றி நின்றுகொள்வார்கள். என் கண் கூறின் மேலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கணவாய் யார் காலோடாவது பக்கத்துக் கூறுக்குப் போய்விடும். கேட்கிறவர்களின் முகமெல்லாம் எனக்குக் கடைக்கண்ணில்தான். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எங்கள் வாடியில் துண்டு கிடையாது. ஒரு தலையசைப்பு, ஒரு புருவத் தூக்கல், அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் விடிகாலை, கணவாய்க் கூறு 240 ரூபாயில் நின்றது. “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று சொல்லும்போது, இடது ஓரத்தில் நின்ற வியாபாரி பல் தெரியத் தலையைத் தூக்கினார். சிரித்துக்கொண்டே மேலே கேட்கிறார் என்று நினைத்து, மூணாம் தரமும் சொல்லி அவர் பேரில் எழுதச் சொல்லிவிட்டேன். “ஏண்ணே, நான் எங்க கேட்டேன்?” என்று அலறினார். கெளுத்தி முள் ரப்பர் செருப்பைத் துளைத்து அவர் பாதத்தில் ஏறியிருந்தது. அந்தக் கடுப்பு ஏறினவனுக்குத்தான் தெரியும். வாடியே சிரித்தது, நானும்தான்.

போன ஐப்பசியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மனைவிக்கு வயிற்றுவலி. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை, அது இங்கே தேவையுமில்லை. டாக்டருக்கு நேர் எதிரே கம்ப்யூட்டர். நோயாளிக்கு மேஜையின் பக்கவாட்டில் ஒரு ஸ்டூல். பெயர், வயது, எத்தனை நாளாக வலி என்று கேட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி வலியில் சத்தம் போடும் ஆள் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்வார். டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “சிரிச்ச முகமாத்தானே இருக்கீங்க, வாயுவா இருக்கும்மா” என்றார். மாத்திரையோடு வந்தோம். மூன்றாம் நாள் இரவு, ராமநாதபுரத்தில் வேறோர் இடத்தில் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன்.

அந்த டாக்டர் மோசமானவர் என்று நான் சொல்லமாட்டேன். வெளியே வராந்தா முழுக்க ஆள். அவர் செய்த தப்பை நானும் கெளுத்தி முள் விஷயத்தில் செய்திருக்கிறேன். ஏன் இப்படி ஆகிறது என்று மதுரையில் கண் பரிசோதனைப் படிப்பு படிக்கும் என் மகளிடம் கேட்டேன்.

“அப்பா, கையை நேரா நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்க. கிட்டத்தட்ட அந்த நக அகலந்தான் உங்களுக்குத் துல்லியமாத் தெரியுது. மத்ததெல்லாம் மூளை ஒப்பேத்துறது” என்றாள். விழித்திரையின் நடுவில் சின்னக் குழி ஒன்று இருக்கிறதாம். நுணுக்கமாகப் பார்க்க உதவும் கூம்பு செல்கள் அங்கேதான் நெருக்கியடித்து இருக்கின்றன. ஒரு கண்ணில் கூம்பு செல் சுமார் 60 லட்சம் என்றால், கோல் செல் சுமார் 12 கோடி. ஆனால் அந்தக் குழியின் நடுவில் கோல் செல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் சுற்றுப்புறத்தில்தான். அவை மங்கிய வெளிச்சத்துக்கு ஆனவை. இருட்டில் தூரத்து விளக்கை நேரே பார்க்காதே, கொஞ்சம் தள்ளிப் பார், தெரியும் என்று கடலில் என் அப்பா சொல்லிக்கொடுத்ததற்கும் இதுதான் காரணமாம். ஆகவே ஓரக்கண்ணை ஒரேயடியாக மட்டம் தட்டவும் முடியாது.

அப்புறம் வீட்டிலேயே ஒரு சோதனை வைத்தாள். சுவரில் தொங்கும் காலண்டரின் தேதியை மட்டும் நான் பார்க்க வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மாற்றிக்கொண்டே இருப்பாள். சிரித்தபோதெல்லாம் சரியாகச் சொன்னேன். வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டதையும் சொன்னேன். பயந்த முகம் காட்டியபோது “என்னமோ மாறுது” என்றேன், என்னவென்று சொல்லத் தெரியவில்லை. கோபத்துக்கும் சோகத்துக்கும் சும்மா இருக்கிறாய் என்றேன். என் மனைவி கட்டிலில் படுத்தபடியே, “இருபத்தாறு வருஷமா இதைத்தானே நானும் சொல்றேன்” என்றார்.

இது என் கண்ணின் குறை மட்டுமில்லையாம். 2018இல் பிரேசர் ஸ்மித், ஸ்டெபனி ராசிட் என்ற இருவர் இங்கிலாந்தில் இதையே முறையாகச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். பார்வையின் மையத்திலிருந்து 30 டிகிரி வரை முகங்களைத் தள்ளி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தள்ளத் தள்ள எல்லா உணர்ச்சியும் மங்கினாலும் சந்தோஷமும் ஆச்சரியமும்தான் நன்றாக நின்றிருக்கின்றன. பயம் விசேஷமானது. முகத்தில் ஏதோ இருக்கிறது என்று பிடிபடுகிற அளவுக்கு, அது பயம்தான் என்று பிடிபடுவதில்லை. சிரிப்பு வாயையே அகலமாக்கிவிடுகிறது, மங்கலாகத் தெரிந்தாலும் போதும். வருத்தமும் கோபமும் புருவ நடுவிலும் உதட்டோரத்திலும் சின்னச் சின்னச் சுருக்கமாக இருக்கின்றன. மோனலிசா ஓவியத்தில் வாயை விட்டுக் கண்ணைப் பார்த்தால் சிரிப்பு கூடுவதற்கும் இதே மங்கல்தான் காரணம் என்று ஹார்வர்டின் மார்கரெட் லிவிங்ஸ்டன் 2000இல் விளக்கியிருக்கிறாராம். நான் அந்தப் படத்தை செல்போனில்தான் பார்த்தேன், சின்னத் திரையில் ஒன்றும் பிடிபடவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். ஓரத்தில் இருக்கும் ஒன்றை அதன் பக்கத்தில் இருப்பவை குழப்பிவிடும். 1970இல் ஹெர்மன் பௌமா என்ற நெதர்லாந்துக்காரர் எழுத்துகளை வைத்து இதை அளந்திருக்கிறார். ஏலத்தில் தனியாக நிற்கும் வியாபாரியின் தலையசைப்பு எனக்குத் தப்பாது, நாலு பேர் தோளோடு தோள் நின்றால் தப்பும். இத்தனை வருஷம் அதை என் வயது என்று நினைத்திருந்தேன்.

இப்போது நம் ஆஸ்பத்திரி ஸ்டூலை நினைத்துப் பாருங்கள். அந்தச் சோதனையில் கடைசி எல்லை 30 டிகிரி. என் மனைவி உட்கார்ந்திருந்தது என் கணக்கில் அதைப்போல் இரண்டு மடங்கு பக்கவாட்டில். அங்கே உட்காருகிறவர் பல்லைக் கடித்தால் அது சிரிப்பாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்? கோயிலில் அம்மன் கடைக்கண் வைத்தால் போதும் என்பார்கள். அம்மனுக்குப் போதும்.

திரையைப் பார்க்காதீர்கள் என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டிய காலம், தெரியும். திரையை நோயாளி இருக்கும் பக்கமாகத் தள்ளி வையுங்கள், ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் எதிரே போடுங்கள். தட்டும்போது கண் சற்று நகர்ந்தாலே முகம் தெரியும். பேங்க் கவுன்டருக்கும் தாலுகா ஆபீசுக்கும் இதையேதான் சொல்வேன். ஆனால் அங்கே முகம் தவறினால் ஒரு நாள் அலைச்சல், ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை. முதலில் மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை டாக்டர் உட்காரும் அறைகளில் செய்யட்டும்.

திருப்பி வைக்க வயர் நீளம் பத்தாது என்று யாராவது சொன்னால், தெற்குவாடிக்கு வந்து ஏலக்காரரைக் கேளுங்கள். வயர் நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஏலக்காரர்,
பாம்பன் தெற்குவாடி
(பெயர் வேண்டாம்)