ஆட்குறைப்பை மறைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்குறைப்பில் வேலையிழந்தவர்களுக்கு வேலைவாய்ப்புப் பக்கங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஓர் ஆலோசனையைப் பற்றியே இந்தக் கடிதம். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று நேர்காணலில் கேட்டால், புதிய வாய்ப்பைத் தேடி விலகியதாகவோ சொந்தக் காரணம் என்றோ சொல்லிச் சமாளித்துவிட வேண்டும் என்பதே அது. ஆள் தேர்வுக் குழுக்களில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இந்த ஆலோசனை விண்ணப்பதாரருக்குத் தீங்கையே செய்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1982-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட 158-ஆம் எண் உடன்படிக்கை, ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதற்குரிய காரணங்களாக அவரது திறன், அவரது நடத்தை, நிறுவனத்தின் செயல்பாட்டுத் தேவை ஆகிய மூன்றையும் பிரித்தே கூறுகிறது. ஆட்குறைப்பு இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. ஒரு பிரிவு மூடப்படுவதாலோ, இரு நிறுவனங்கள் இணைந்தபின் ஒரே பணிக்கு இருவர் இருப்பதாலோ, செய்துவந்த வேலையை மென்பொருள் ஏற்றுக்கொள்வதாலோ பதவியே இல்லாமல் போகிறது. கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்பும் முறை பின்பற்றப்படும் இடங்களில், வெளியேறியவர் பணிமூப்பில் குறைந்தவர் என்பதற்கு மேல் அந்த வெளியேற்றம் எதையும் காட்டுவதில்லை. சொல்லக்கூடிய காரணம் ஒன்று இருக்கும்போது விண்ணப்பதாரர் மழுப்பினால், கேட்பவர் மனத்தில் அதைவிட மோசமான காரணங்கள் எழுவது இயல்புதான்.

மேலும், இப்போது பல நிறுவனங்கள் வேலை தருவதற்கு முன் பின்புலச் சரிபார்ப்பு செய்கின்றன. சேர்ந்த நாள், விலகிய நாள், வகித்த பதவி ஆகியவற்றோடு, விலகியதற்கான காரணத்தையும் முந்தைய நிறுவனத்திடம் கேட்பதுண்டு. ஆட்குறைப்பு என்று அங்கிருந்து பதில் வரும்போது, நேர்காணலில் சொன்னதும் அதுவும் முரண்பட்டு நிற்கும். ஆட்குறைப்பைப் பொருட்படுத்தியிருக்காத நிறுவனம்கூட இந்த முரண்பாட்டுக்காக வேலையை மறுத்துவிடும். இதே காரணத்தால்தான், விலகிவிட்ட நிறுவனத்தில் இன்னும் பணியாற்றுவதாகத் தோன்றும்படி தன்விவரக் குறிப்பில் தேதியை எழுதுவதும் கூடாது.

எப்படிச் சொல்வது என்பதில் பெரிய நுட்பம் எதுவும் இல்லை. "எங்கள் நிறுவனம் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கியபோது நான் வகித்த பதவி நீக்கப்பட்டது. அங்கு நான் கவனித்துவந்த பணிகளில் கணக்குத் தணிக்கைதான் இந்தப் பதவிக்கு மிகவும் நெருக்கமானது. அதைப் பற்றிச் சொல்லட்டுமா?" என்ற அளவே போதும். கேட்காமலே தொடர்ந்து விளக்கம் கொடுப்பதும், பழைய மேலாளரின் பாகுபாட்டைச் சொல்லத் தொடங்குவதும் பேச்சை வேலையிலிருந்து விலக்கிவிடும். அந்தக் கோபம் நியாயமானதாகவே இருக்கலாம்; ஆனால் அதன் உண்மையை எடைபோட எதிரே இருப்பவரால் இயலாது. ஒருவரை மட்டும் அனுப்பியிருந்தால், குழுவினர் எல்லோரும் போனதாகச் சொல்லக் கூடாது. பெற்ற இழப்பீட்டுத் தொகையைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

இவற்றைவிடச் சிக்கலானது, ஆட்குறைப்பை ராஜினாமாவாகக் காட்டும் வழக்கம். நீக்கப்பட்டவர் என்ற பெயர் வராமல் இருக்கும் என்று கூறி, தாமாகவே விலகுவதாக எழுதித் தருமாறு சில நிறுவனங்கள் ஊழியர்களைக் கேட்கின்றன. அச்சத்திலும் அவசரத்திலும் பலர் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். ஆட்குறைப்புக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டியவற்றை இதனால் இழக்க நேரலாம் என்பது ஒருபுறமிருக்க, அடுத்த வேலை தேடும்போது கையில் வேறு வேலை இல்லாமல் ஏன் விலகினீர்கள் என்ற கேள்வியும் இவர்களைத் துரத்துகிறது. இத்தகையவர்கள், "ஆட்குறைப்பின்போது நிறுவனம் கேட்டுக்கொண்டபடி ராஜினாமா கடிதம் கொடுத்தேன்" என்று நடந்ததை நடந்தபடியே சொல்லலாம். நிறுவனத்தின் பதிவில் ராஜினாமா என்று இருந்தாலும் இந்தக் கூற்று அதற்கு முரண்படாது. நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல் ஏதேனும் கையில் இருந்தால், இந்தக் கூற்றுக்கு அதுவே ஆதாரமாகும்.

இன்னும் கையெழுத்திடாதவர்கள், பதவி நீக்கப்பட்டதால் விடுவிக்கப்படுகிறார் என்ற ஒரு வரியை ரிலீவிங் லெட்டரில் சேர்க்குமாறு கேட்க வேண்டும். மேலே சொன்ன உடன்படிக்கையோடு வெளியான 166-ஆம் எண் பரிந்துரை, பணி நீங்கும் ஒருவர் கேட்டால், அவர் பணியாற்றிய காலத்தையும் பணியின் தன்மையையும் மட்டும் குறிக்கும் சான்றிதழ் வழங்கப்பட வேண்டும் என்கிறது. திறன், நடத்தை பற்றிய மதிப்பீடு அவர் விரும்பிக் கேட்டால் மட்டுமே சேர்க்கப்படலாம். நன்றாகப் பணியாற்றியவர்கள் இந்த மதிப்பீட்டை விரும்பிக் கேட்டே பெற வேண்டும். கடைசி நாளுக்கு முன்பே கேட்பது நல்லது. பிரிவே மூடப்படும்போது, சான்று தரக்கூடிய மேலாளரும் அடுத்த மாதம் அங்கே இல்லாமல் போகலாம்.

ஆள் எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "இத்தனை பேர் இருக்க, உங்களை ஏன் அனுப்பினார்கள்?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரை அனுப்புவது என்று நிறுவனம் எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்தது என்பது பெரும்பாலும் அனுப்பப்பட்டவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றை விளக்கச் சொல்லி, அவர் தடுமாறுவதைக் குறையாகக் குறித்துக்கொள்வது அநியாயம். ஆட்குறைப்பு என்று ஒருவர் சொன்னபின், சந்தேகம் இருந்தால் அதைச் சரிபார்ப்பில் தீர்த்துக்கொண்டு, நேர்காணலின் நேரத்தை அவர் செய்த வேலைக்கும் செய்யப்போகும் வேலைக்கும் ஒதுக்குவதே முறை.

அதேபோல, சில விண்ணப்பப் படிவங்களில் வேலையை விட்ட காரணத்துக்கு ராஜினாமா, பணிநீக்கம் என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே உள்ளன. ஆட்குறைப்பில் வேலையிழந்தவர் இவற்றில் எதை நிரப்பினாலும் அது முழு உண்மையாகாது. "நிறுவனம் பதவியை நீக்கியது" என்ற மூன்றாவது கட்டத்தைச் சேர்க்க மனிதவளத் துறையினர் முன்வர வேண்டும். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கமும் இந்தக் கோரிக்கையை எடுத்துச்சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மனிதவளத் துறையில் பணியாற்றிய வாசகர் ஒருவர்