ஏரிக்கரை நந்தவனத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சித்திரையில் தொடங்கிய நந்தவனத் திருப்பணி கார்த்திகையில் முடிந்தது. கிணற்று மேடை, பூப்பாத்தி, கிழக்கு வேலி எல்லாம் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். பலரும் எங்களைப் பிடித்து நிறுத்திக் கேட்பது ஒன்றைத்தான்: "நல்லா இருந்த சுவரை ஏங்க இடிச்சீங்க?"

முன்பெல்லாம் மழை விட்ட காலையில் ஏரி ஆமைகள் பூத்தொடுக்கும் திண்ணை வரை வரும். சென்ற திருப்பணியில் ஏரிப்பக்கம் முழுக்க நான்கடிக்கு கான்கிரீட் சுவர் எழுப்பினோம். எழுப்பியது இதே குழுதான், பழியை வேறு யார்மீதும் போட முடியாது. நீரில் எவ்வளவு வேகமாக நீந்தினாலும் செங்குத்துச் சுவரில் ஆமை ஏறாது. முட்டையிட அது கரைக்கு வந்தே ஆகவேண்டும். மண்ணில் குழி தோண்டித்தான் இடும். நாம் வழியை அடைத்தோம், அது வரவில்லை.

கூட்டத்தில் ஒருவர், 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்றார். திருமால் ஆமை வடிவில் சிவனை வழிபட்ட தலம்தானே திருக்கச்சூர், சுவாமிக்கே அங்கே கச்சபேஸ்வரர் என்றுதானே பெயர் என்று இன்னொருவர் பதில் சொன்னார். அமீனாவுக்காக யாரும் வாதாடவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

கோயில் நிலத்துக்குள் இருக்கும் சுவரில் 20 அடியை மட்டும் பொக்லைன் வைத்து எடுத்தோம். அந்த இடத்தில் மண் கொட்டிச் சரிவாக்கி, மழையில் கரையாமலிருக்க வெட்டிவேரும் கோரையும் நட்டோம். முதல் மழையில் ஒரு மூலை சரிந்தது, மறுபடி நட்டோம். விழுந்து கிடந்த பனைமரம் ஒன்றை விறகுக்கு விற்காமல், பாதி நீருக்குள் இருக்கும்படி கரையோரம் கட்டிப் போட்டிருக்கிறோம், ஆமைகள் ஏறி வெயில் காயட்டும் என்று. நிழல் விழாத இடத்தில் மணல் திட்டு ஒன்று. நாய் வந்து முட்டையைத் தோண்டாமலிருக்க அதைச் சுற்றி முள்ளைப் போட்டு, ஏரிப்பக்கம் தரையோடு சிறு இடைவெளி விட்டிருக்கிறோம். காரை ஆமை இரவில்தான் அதிகம் நடமாடும் என்பதால் அந்தப் பக்கத்து ஃபோகஸ் லைட்டையும் கழற்றிவிட்டோம்.

அன்பர் ஒருவர் கடையில் ஆமை வாங்கி விடுவதாகச் சொன்னார். நல்ல மனதுதான், ஆனாலும் மறுத்துவிட்டோம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட அந்தக் கடை ஆமைக்குப் பூர்வீகம் அமெரிக்கா. ஏரியில் விட்டால் நம் ஆமைக்குள்ள இரையிலும் இடத்திலும் பங்குக்கு வந்துவிடும். சரி, நம்மூர் பால் ஆமையையே வேறெங்காவது பிடித்து வரலாமே என்றால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வழி விடுவதுதான் நம் வேலை, வருவது அதன் விருப்பம்.

வந்தது. ஐப்பசி மழைக்கு மறுநாள், அரளி பறிக்கப் போன பூசாரி சரிவில் வட்டக்கல் ஒன்று கிடக்கிறதே என்று குனிந்திருக்கிறார். கல் தலையை உள்ளிழுத்ததாம். ஓடிப்போய்ப் பார்த்தோம். பால் ஆமை, ஒரு சாண் நீளம். பின்னங்கால்களையும் உள்ளே இழுத்து, அடியிலிருக்கும் இரண்டு தோல் மடிப்புகளால் உண்டியலைச் சாத்துவதுபோல் சாத்திக்கொண்டது. தள்ளி நின்றோம். வெகுநேரம் கழித்து மூக்கு மட்டும் வெளியே வந்தது. அப்புறம் ஓட்டில் ஒட்டியிருந்த சேற்றோடு விடுவிடுவென்று வெட்டிவேருக்குள் போய்விட்டது. இதுவரை மூன்று முறை பார்த்தாயிற்று. மூன்றும் ஒன்றேதானா என்று பூசாரிக்கும் எங்களுக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. மணல் திட்டில் முட்டை எதுவும் இல்லை.

வரவு 1,86,500 ரூபாய். செலவு 1,79,240. இதில் சுவர் இடிப்பும் மண் சரிவும் மட்டும் 1,12,000. கட்டியதை இடிக்க இவ்வளவா என்று நீங்கள் கேட்பது நியாயமே. மீதி 7,260 ரூபாய் கோயில் கணக்கில் இருக்கிறது. பில்கள் அலுவலக அலமாரியில் உள்ளன, யாரும் பார்க்கலாம்.

கரையோரம் பொரி போட வேண்டாம், தண்ணீர் நாறுகிறது. விளக்குப் பூசைக்கு வருபவர்கள் கிழக்கு வாசல் வழியாக வரவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு