படம் தரமாட்டேன்னு சொல்லிட்டேன்டி

ஒன் பேர் போடல. போடாட்டியும் நம்ம பட்ச்ல பாதிப்பேருக்கு யாருன்னு தெரிஞ்சிரும், அது வேற விஷயம். வட்ஸ்அப்ல என்னைய ப்ளொக் பண்ணிட்ட, வீட்டு நம்பருக்கு எடுத்தா ஒன் தம்பி "அக்கா குளிக்கிறா"ங்கிறான், ராத்திரி ஒம்பது மணிக்கு அந்தக் குளிர்ல யார்டி குளிப்பா. அதனாலதான் இங்க எழுதுறேன்.

போன கெழம ஜூனியர்ஸ் கோல் எடுத்தாங்க. தமிழ்ச் சங்க மலர் போடுறாங்களாம், அட்டைக்கு 2023 கலைவிழா படம் வேணுமாம், மேடைக்குப் பின்னால என் போன்ல எடுத்தது. கொழுந்துக் கூடையும், கொழுந்து எடுக்கிறவங்க இடுப்புல கட்டுற படங்குமா அந்தப் புள்ள சிரிச்சிக்கிட்டு நிக்குதே, அதுதான். யாரோ அவனுங்களுக்கு ஸ்கிரீன்ஷொட் அனுப்பியிருக்காங்க, ஒரிஜினல் என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அந்தத் தம்பி ரொம்ப மரியாதையாத்தான் பேசினான், "ஓரத்துல ஒரு கை தெரியுது அக்கா, அத குரொப் பண்ணிரலாம், பிரச்சன இல்ல"ன்னான்.

தரமுடியாதுன்னுட்டேன். ஏன்னு கேட்டான், போன் சார்ஜ் இல்லன்னு சொல்லி வச்சிட்டேன்.

அந்தக் கை யாரோடதுன்னு அவனுக்கெப்படி தெரியும்.

அந்த வருஷம் ஞாபகமிருக்கா, எல்லாருக்கும் திடீர்னு நம்ம மேல பாசம் வந்திருச்சு. நம்ம ஆளுங்க இந்தியாவுலருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து 200 வருஷம், மலையகம் 200ன்னு எங்க பார்த்தாலும் பேனர், தலைமன்னார்லருந்து மாத்தளைக்கு நடந்தாங்க, அது வரைக்கும் நம்மள "எஸ்டேட் ஆளுங்க"ன்னு சொன்னவங்கல்லாம் ஸ்டேட்டஸ்ல கொழுந்துக் கூடை படம் போட்டாங்க. சங்கத்துல "நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம்தானே, நீங்களே செய்யுங்க"ன்னு நம்ம தலையில கட்டுனாங்க. ஸ்கிரிப்ட் நான் எழுதினேன். 1823ல ஆரம்பிச்சு, நம்ம உரிமையப் பறிச்ச 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரு இந்தியாவுக்கு, 300,000 பேரு இங்கன்னு எல்லாத்தையும் போட்டேன். ப்ராக்டிஸ்ல நான் அத வாசிக்கிறப்ப நீ மெதுவா, "எங்க தாத்தாவோட தம்பி அந்தக் கணக்குல போனவருதான், கோத்தகிரிப் பக்கம், அப்பறம் பார்க்கவே இல்ல"ன்ன. நான் என்ன செஞ்சேன் தெரியுமா, பேனாவ எடுத்து நோட் பண்ணிக்கிட்டேன், ஸ்கிரிப்டுக்கு நல்லாருக்கும்னு.

கூடையும் படங்கும் எடுத்துட்டு வரச் சொன்னதும் நான்தான். வாடகைக்கு எடுத்தா துணிக்கடை பொம்ம மாதிரி இருக்கும், ஒரிஜினல் வேணும்னேன். நீ சரின்ன. இப்பவும் எனக்குப் புரியாதது அதுதான்டி, முடியாதுன்னு அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? சொல்ல மாட்ட. எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வச்சிருந்து ஒருநாள் மொத்தமாத் தூக்கிப் போடுவ, மத்தவங்க பொறுக்கணும்.

மேடைக்குப் பின்னால யாரெல்லாம் இருந்தாங்கன்னு எழுத மாட்டேன், அவங்கள்ல ரெண்டு பேராவது இத வாசிப்பாங்க. அந்தப் புள்ள படங்கை முழங்காலுக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டு ஆடிக் காட்டிச்சு, ஒருத்தன் அட்டக்கடின்னு சொல்லி கால்ல கிள்ளினான், எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சிக்கிட்டேதான் போட்டோ எடுத்தேன். நீ வந்து ஒண்ணும் பேசாம அது இடுப்புல இருந்த முடிச்ச அவுத்த. அவசரமே படல. அவுத்து, ஒதறி, நாலா மடிச்ச. நான் ஓடிவந்து, "ஷோ முடியட்டும்டி, அஞ்சு நிமிஷம்"ன்னேன்.

"எங்கம்மா இன்னைக்கு உரப்பையக் கட்டிக்கிட்டு மலைக்குப் போயிருக்காங்க"ன்ன.

அவ்வளவுதான் சொன்ன. கேம்பஸுக்குப் போறதுன்னு நல்லதா ஒண்ணு குடுக்கணும்னு அவங்க கட்டுற படங்கையே தொவச்சிக் காயவச்சி குடுத்துட்டாங்கன்னு எனக்கு அப்பறம்தான் தெரியும். உரப்பைய மட்டும் கட்டுனா ஈரம் ஒரு மணித்தியாலத்துல உள்ள எறங்கிரும், செடிக் குச்சி குத்தும், கை ஓடாது, கொழுந்து கொறையும், கொறைஞ்சா அரைப்பேரு, பாதிச் சம்பளம்தான். அப்ப ஒரு நாளைக்கு முழுப்பேரே 1000 ரூவா. 2024 செப்டம்பர்லதான் 1350 ஆச்சு. அன்னைக்கு அவங்க சம்பளத்துல பாதி எங்க டான்ஸுக்குப் போச்சோ என்னமோ, நான் இன்னும் கேக்கல, கேக்கத் தைரியம் இல்ல.

நீ போயிட்ட. நாங்க பச்ச சாட்டின் துணியக் கட்டி ஆடினோம். கைதட்டு பலமாத்தான் இருந்துச்சு. சமூக விழிப்புணர்வு நிகழ்ச்சின்னு மேடையில ஒருத்தரு பாராட்டினாரு, யாருன்னு வேணாம்.

மன்னிச்சிருன்னு சொல்லத்தான் ஒக்காந்தேன். சொல்லிட்டேன்னே வச்சுக்க. ஆனா நான் என்ன கெட்ட எண்ணத்துலயா செஞ்சேன்? நம்ம கத மேடையில வரட்டும்னுதானே ரெண்டு வாரம் தூங்காம எழுதினேன், லெக்சர் கட் பண்ணி சங்கத்துக்கு அலைஞ்சேன். நம்ம கதன்னு சொல்றதே ஒனக்குப் புடிக்காது, தெரியும். "நீ டவுன் புள்ள, ஒனக்கென்ன தெரியும்"னு கேன்டீன்ல அத்தன பேரு முன்னால சொன்னியே, அன்னைக்கு நான் எதுவும் பேசல. எங்கப்பாவும் தோட்டத்து லயத்துல பொறந்தவருதான்டி. அவரு படிச்சி வாத்தியாராகி ஹட்டன்ல வீடு எடுத்தது என் குத்தமா? வடக்குப் புள்ளைங்ககிட்ட நான் தோட்டக்காட்டா, ஒன்கிட்ட டவுன் புள்ளயா, அப்ப நான் எங்கதான் நிக்கிறது?

சரி, விடு. கோவத்துல எழுதுறேன்.

மத்தவங்களும் படிக்கிறதால இத சொல்லியாகணும். பெரும்பாலான கேம்பஸ் கோர்ஸுக்கு 40 வீதம் நாடு முழுக்க மெரிட்ல எடுக்கிறாங்க, 55 வீதம் மாவட்டக் கணக்குல, மிச்சம் 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அதுல நுவரெலியாவும் பதுளையும் இருக்கு. சட்டப்படி உள்ள எடம், யாரும் பிச்ச போடல. "கோட்டாவுல வந்ததுங்க"ன்னு நக்கலடிச்சவங்கல்லாம் எக்ஸாமுக்கு மொத நாள் ராத்திரி யாரோட குப்பில, அதான் பட்ச்ல ஒருத்தர் மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற கிளாஸ்ல, ஒக்காந்திருந்தாங்க? ஸ்டட்டிஸ்டிக்ஸ நீ சொல்லிக் குடுத்த மாதிரி எந்த லெக்சரரும் சொல்லிக் குடுக்கல, அவங்க போர்டுல எழுதி சிங்களத்துல ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போவாங்க, நீ தமிழ்லயும் சிங்களத்துலயும் மாறி மாறி, விடிய விடிய, பச்சத் தண்ணியக் குடிச்சிக்கிட்டு. மகாபொல ஸ்கொலர்ஷிப் 5000 வந்தா அதுல பாதி வீட்டுக்கு அனுப்புனது எனக்கு மட்டும்தான் தெரியும், இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு, திட்டு. நான் பாஸ் பண்ணினது ஒன்னாலதான். கலைவிழாவுக்குப் பொறகும் அந்தக் குப்பிய நீ நிறுத்தல, என்னையும் வராதன்னு சொல்லல. பின்னால ஒக்காந்து எழுதிட்டு எந்திரிச்சுப் போவேன். ஒரு செமஸ்டர் முழுக்க அப்படி. நீ என் பக்கம் பார்த்ததே இல்ல, ஆனா எனக்கு வெளங்காத கணக்க ரெண்டு தடவ செஞ்சு காட்டுவ. அது எனக்காகத்தான்னு நானே நெனச்சுக்கிட்டேன். இல்லன்னா இல்லன்னு சொல்லிராத.

அவன் விஷயத்த இங்க எடுக்கல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு ஒனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், சின்னக் கேம்பஸ்ல கத கட்டுறதுக்கு ஆளுங்களுக்கு வேற வேல இல்ல.

இப்ப தோட்டத்து ஸ்கூல்ல கணக்கு எடுக்கிறியாமே. கேள்விப்பட்டு சந்தோசப்பட்டேன், ஒரு பக்கம் எரிச்சலாவும் இருந்துச்சு, நான் கொழும்புல ஏசி ரூம்ல ஒக்காந்துகிட்டு எக்ஸெல் பார்க்கிறத நீ எப்படிச் சொல்லுவன்னு காதுலயே கேக்குது.

ஜூனியர்ஸுக்கு வேற ஒரு யோசன சொன்னேன். டான்ஸ் போடுறதுன்னா போடுங்க, ஆனா தோட்டத்துலருந்து வந்த புள்ளைங்ககிட்ட மொதல்ல தனியா கேளுங்க, வீட்டுச் சாமான் எதையும் கேக்காதீங்கன்னு. அக்கா ரொம்ப சீரியஸா எடுக்கிறீங்கன்னான். எடுத்துக்கட்டும்.

படம் இன்னும் என் போன்ல இருக்கு. அழிக்கவான்னு நீ சொல்லணும், நானா அழிச்சா ஒனக்காக ஏதோ தியாகம் பண்ணின மாதிரி ஆயிரும், அதுவும் ஒனக்குப் புடிக்காது. கூடையும் எங்க ஹட்டன் வீட்டுலதான் கெடக்குது, நீ படங்கை மட்டும்தான் எடுத்துட்டுப் போன. அம்மா ஒரு தடவ அதுல வெங்காயம் போட்டு வச்சிருந்தாங்க, சண்ட போட்டு எடுத்து வச்சேன். வார சனிக்கெழம நான் வீட்டுக்கு வருவேன். நீ வரலன்னா மத்தியான பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து விடுறேன், சந்தியில தம்பிய நிக்கச் சொல்லு. திட்டணும்னா கோல் எடுத்துத் திட்டு, பட்ச் குரூப்ல மட்டும் போட்டுறாத.